பக்கின் மூக்கும் டாஷ்ஹண்டின் முதுகும்

வீவக வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் பொதுவாக வீவக வெளியிட்டிருக்கும் பட்டியலில் உள்ள இனமாக இருக்க வேண்டும். பட்டியலில் 60க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எல்லாமே சிறிய நாய்கள். ஒன்றுதான் என்பதால் தேர்வு கொஞ்சம் கனமானது. பிடிக்கவில்லை என்று கைப்பேசி உறையை மாற்றுவதுபோல் மாற்ற முடியாது. நீங்கள் உயர்நிலை ஒன்றில் படிக்கும்போது வாங்கிய குட்டி, நீங்கள் வேலைக்குப் போகத் தொடங்கும் நாளிலும் வாசலில் காத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு நீண்ட உறவைப் பல குடும்பங்கள் எப்படி முடிவு செய்கின்றன? யாரோ ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டுகிறார். "ஐயோ, எவ்வளவு அழகு!" என்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போகிறார்கள்.

என் மாணவர்களிடம் பிடித்த நாய் எது என்று கேட்டால் இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். ஒன்று பக்: தட்டை முகம், பெரிய கண்கள், சுருண்ட வால், 6 முதல் 8 கிலோ எடை. மற்றொன்று சின்ன டாஷ்ஹண்ட்: நீண்ட முதுகு, குட்டைக் கால்கள், 5 கிலோ எடை. ‘சாஸேஜ் நாய்’ என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். இரண்டில் எது அழகு என்ற தீர்ப்பு உங்களுடையது. எந்த உடல் இந்த ஊரின் வெப்பத்தில், நம்முடைய வீட்டில், அதிகம் துன்பப்படாமல் வாழும் என்பதை அறிவியலைக் கொண்டு பார்ப்போம்.

ஓவியத்தில் இருக்கும் மூக்கு

பக் சீனாவில் தோன்றிய இனம். டச்சு வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் அரச குடும்பங்களின் மடியில் அமர்ந்தது. வில்லியம் ஹோகார்த் என்ற ஆங்கிலேய ஓவியர் 1745ஆம் ஆண்டு தன்னையும் தன் பக் நாயையும் ஓர் ஓவியமாகத் தீட்டினார். லண்டனின் டேட் காட்சிக்கூடத்தில் அது இருக்கிறது. இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். பாருங்கள், அந்த நாய்க்குத் தெளிவாக ஒரு முகவாய் இருக்கிறது. இன்றைய பக்கைவிட நீளமானது.

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் அந்த முகவாய் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. இயற்கை அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஆகத் தட்டையான முகம் கொண்ட குட்டியைத் தேர்ந்தெடுத்து, அதையே இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்திய மனிதர்கள் செய்தது. பாடநூலில் ‘செயற்கைத் தேர்வு’ என்று ஒரே வரியில் படிக்கிறோமே, அதுதான் இது.

மனிதர்கள் தேர்ந்தெடுத்தது மண்டையோட்டின் நீளத்தை. ஆனால் முகத்தில் எலும்பு மட்டுமா இருக்கிறது? நாக்கு, மேல்வாயின் பின்பகுதியில் தொங்கும் மென்னண்ணம், மூக்குக்குள் சுருண்டு கிடக்கும் மெல்லிய எலும்புத் தகடுகள் ஆகியவை அதே விகிதத்தில் சிறுத்துவிடவில்லை. ஐந்தறை வீட்டுத் தளவாடங்களை ஈரறை வீட்டுக்குள் அடுக்கினால் எப்படியிருக்கும்? நடக்கும் வழியெல்லாம் அடைபடும். பக்கின் தலைக்குள் நடந்திருப்பதும் அதுவே. மூக்குத்துளைகள் கீறல்போல் குறுகிவிட்டன. நீளமான மென்னண்ணம் மூச்சுக்குழாயின் வாசலில் வந்து விழுகிறது. பற்களுக்கும் இதே இடநெருக்கடி. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள்; நமக்கு 32தான். அந்த 42ஐயும் பக் ஒரு சிறிய தாடையில் பொருத்தியாக வேண்டும். அவை கோணலாக, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு முளைக்கின்றன.

கண்களும் அப்படியே. கண்குழி ஆழமில்லாததால் விழி வெளியே துருத்தி நிற்கிறது. நாம் கொஞ்சும் அந்தப் பெரிய கண்களில் எளிதில் கீறல் விழும், புண் வரும்.

வியர்க்காத உயிர் எப்படிக் குளிர்கிறது?

குளிர்நாட்டில் இருக்கும் பக்குக்கே இது சிரமம். சிங்கப்பூரில் ஏன் இன்னும் சிரமம் என்று புரிய, நாய் தன் உடலை எப்படிக் குளிர்விக்கிறது என்று தெரிய வேண்டும்.

நமக்கு உடல் முழுவதும் வியர்க்கும். வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும். நாய்க்கு அப்படி நீராக வியர்ப்பது பாதங்களின் அடியில் மட்டுமே. அதனால் அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது. நாக்கிலும் வாயிலும் மூக்கின் உட்பரப்பிலும் உள்ள ஈரம் ஆவியாகி வெப்பத்தை வெளியேற்றுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடல் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. உடல் திசுவின் தன்வெப்ப ஏற்புத்திறனைக் கிலோவுக்கு 3,500 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். 7 கிலோ பக்கின் உடல் ஒரு டிகிரி குளிர, 7 × 3,500 = 24,500 ஜூல் வெளியேற வேண்டும். அதற்குச் சுமார் பத்து கிராம் நீர் ஆவியானால் போதும். இரண்டு தேக்கரண்டி! எவ்வளவு திறமையான ஏற்பாடு பாருங்கள்.

ஆனால் நீர் ஆவியாகக் காற்று வேகமாக வந்து போக வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முறைக்கும் குறைவாக மூச்சுவிடும் நாய், இரைக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 முறை மூச்சுவிடும். இவ்வளவு வேகமாகத் தசைகள் இயங்கினால் அதிலேயே உடல் சூடாகிவிடாதா? நல்ல கேள்வி. 1960களில் உடலியல் ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். நாயின் மார்புக்கூட்டுக்கு ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அந்த அதிர்வெண்ணில்தான் அது இரைக்கிறது. ஊஞ்சலை அதன் சொந்த வேகத்துக்கு ஏற்பத் தள்ளினால் ஒரு விரலே போதும் அல்லவா? இயற்பியலில் ஒத்ததிர்வு என்று படிக்கிறோமே, அதைத் தெருநாயும் தெரியாமலே பயன்படுத்துகிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரைக்கும் நாய் வாயைத் திறந்து வைத்திருந்தாலும் பெரும்பாலும் மூக்கு வழியாகவே காற்றை உள்ளிழுத்து, வாய் வழியாக வெளிவிடுகிறது என்று 1970ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. மூக்கில் சுருண்டிருக்கும் தகடுகளின் பரப்பளவு மிகப் பெரியது. ஈரமான அந்தப் பரப்பின்மேல் காற்று ஓடும்போது ஆவியாதல் அதிகம் நடக்கும். குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே மடிப்பு மடிப்பாக உலோகத் தகடுகள் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஆக, நீண்ட மூக்கு மோப்பத்துக்கு மட்டும் உரியதன்று. அது நாயின் ‘ஏர்கான்’.

பக்கிடம் இல்லாமல் போனது அதுதான்.

காற்றுவழி குறுகினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது. சீராகப் பாயும் காற்றுக்குக் குழாய் தரும் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆகாது. 16 மடங்கு ஆகும். ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே தடை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். காற்று சுழன்று கொந்தளித்துப் பாயும்போது நிலைமை இன்னும் மோசம்.

இதை உணர்ந்து பார்க்க விரும்பினால், பபிள் டீ உறிஞ்சும் அகலக் குழல் ஒன்றும், பொட்டலப் பாலோடு வரும் மெல்லிய குழல் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் வழியாகவும் பத்து விநாடி மட்டும் மூச்சுவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் செய்ய வேண்டாம். மெல்லிய குழலோடு ஐந்தாவது மாடிக்குப் படியேற வேண்டும் என்று கற்பனை செய்தால், மாலை நடையில் பக் ஏன் பாதி வழியில் படுத்துவிடுகிறது என்று விளங்கும். அதைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம்.

இனி நம் ஊரின் ஈரப்பதத்தைச் சேருங்கள். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல்; விடியற்காலையில் 90ஐத் தாண்டும். துவைத்த துணி மழைநாளில் காயாமல் தொங்குவதுபோல், ஈரக் காற்றில் நாயின் நாக்கிலுள்ள நீரும் மெதுவாகத்தான் ஆவியாகும். அதே அளவு குளிர்வதற்கு நாய் கூடுதலாக இரைக்க வேண்டும். குறுகிய காற்றுவழியில் கூடுதலாக இரைத்தால் தசைகள் கடுமையாக உழைத்து மேலும் வெப்பத்தை உண்டாக்கும். பலமாகக் காற்றை இழுக்க இழுக்கத் தொண்டைத் திசுக்கள் வீங்கும். வழி இன்னும் குறுகும். ஒன்றை ஒன்று வளர்க்கும் இந்தச் சுழல் நின்றாக வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38, 39 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

அப்படி நேர்ந்தால், உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடல் முழுவதும் நீர் ஊற்றி, விசிறிவிட வேண்டும். பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். முதலில் குளிர்விப்பது, அடுத்துப் பயணம். இந்த வரிசை மாறக்கூடாது. ஈரத் துண்டால் மூடி வைப்பது நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். துண்டு சீக்கிரமே சூடாகி ஆவியாதலையும் தடுத்துவிடும்.

குறட்டை அழகா?

பக் விழித்திருக்கும்போதே குறட்டை விடும். இணையத்தில் அதற்கு ஆயிரக்கணக்கில் விருப்பக் குறிகள். ஒரு மனிதர் பகலில் உட்கார்ந்த நிலையில் இப்படி மூச்சுவிட்டால் உடனே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போவோம். நாய் என்றால் மட்டும் "இந்த இனமே அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். 2012ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், மூச்சுத்தடை இருந்த நாய்களின் உரிமையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் நாய்க்கு மூச்சுப் பிரச்சினையே இல்லை என்றார்கள். இது அன்பில்லாமல் சொன்னதன்று. பழகிப்போன சத்தம் காதில் விழாது.

லண்டனிலுள்ள அரச கால்நடை மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு 4,000க்கும் மேற்பட்ட பக் நாய்களின் மருத்துவப் பதிவுகளை மற்ற நாய்களின் பதிவுகளோடு ஒப்பிட்டது. ஓராண்டில் ஏதேனும் ஒரு நோய் வரும் வாய்ப்பு பக்குக்கு ஏறத்தாழ இரு மடங்கு. மூச்சுத்தடை நோய்க்கான வாய்ப்போ 50 மடங்குக்கும் மேல். உடல்நலத்தைப் பொறுத்தவரை பக்கை இனி வழக்கமான ஒரு நாயாகக் கருத முடியாது என்று ஆய்வாளர்கள் முடிவு கூறினார்கள். நெதர்லாந்து இதை ஆய்வோடு விடவில்லை. முகவாய் மண்டையோட்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாய்களை இனப்பெருக்கம் செய்ய அங்கே கட்டுப்பாடு உண்டு. பல விமான நிறுவனங்களும் தட்டைமுக நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்ற மறுக்கின்றன.

எல்லாப் பக்குகளும் ஒரே அளவில் துன்பப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் உருவாக்கிய சோதனை ஒன்றில், நாயின் மூச்சை மருத்துவர் இதயத்துடிப்புமானியால் கேட்பார். பிறகு நாயை மூன்று நிமிடம் விரைவாக நடக்க வைத்து மீண்டும் கேட்பார். தடையே இல்லாவிட்டால் 0; கடுமையான தடைக்கு 3. பெற்றோர் நாய்கள் 0 அல்லது 1 பெற்றவை என்றால் குட்டிக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடுகிறது.

கால் குட்டையானதற்கு முதுகு தரும் விலை

டாஷ்ஹண்டைப் பாருங்கள். மூக்கு நன்றாக நீண்டிருக்கிறது, மூச்சுக்குத் தடையில்லை. ஜெர்மன் மொழியில் ‘டாக்ஸ்’ என்றால் பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கு. ‘ஹுண்ட்’ என்றால் நாய். மண்ணுக்குள் புகுந்து பேட்ஜரை எதிர்கொள்ளவே குட்டைக் கால்களோடு இது உருவாக்கப்பட்டது. மடியில் உட்காரப் பிறந்ததன்று.

கால்கள் குட்டையான கதை மரபியலில் எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் ஒன்று. வழக்கமாக மரபணுவிலிருந்து தூது ஆர்என்ஏ உருவாகி, அதிலிருந்து புரதம் உருவாகும். எப்போதோ ஒரு நாயின் மூதாதையில் இது தலைகீழாக நடந்தது. எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் தூது ஆர்என்ஏ மீண்டும் டிஎன்ஏவாக எழுதப்பட்டு, அதே குரோமோசோமில் வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பழைய மரபணு தன் இடத்திலேயே இருக்க, கூடுதலாக ஒரு நகல்! அந்த நகலும் வேலை செய்து, வளரும் எலும்பின் குருத்தெலும்புக்கு "போதும், நிறுத்து" என்ற சமிக்ஞையைச் சீக்கிரமே தந்துவிடுகிறது. கால் எலும்பு நீளாமல் நின்றுவிடுகிறது. 18ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த நகலை அமெரிக்க விஞ்ஞானிகள் 2009ஆம் ஆண்டு கண்டுபிடித்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை. அதே மரபணுவின் இன்னொரு நகல் 12ஆம் குரோமோசோமில் இருப்பது 2017ஆம் ஆண்டு தெரியவந்தது. கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் கண்ட இந்த நகல், காலைக் குட்டையாக்குவதோடு முதுகையும் பாதிக்கிறது.

முதுகெலும்புத் தொடரில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஒரு வட்டு மெத்தைபோல் இருக்கும். வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே கூழ். ஒண்டே ஒண்டே பலகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நகல் உள்ள நாய்களில், ஒரு வயது ஆவதற்குள்ளாகவே உள்ளிருக்கும் கூழ் நீரை இழந்து குருத்தெலும்புபோல் மாறத் தொடங்குகிறது. பிறகு சுண்ணம் படிந்து கெட்டியாகிறது. அதிர்ச்சியைத் தாங்கும் தன்மை போய்விடுகிறது. ஒரு நாள், சாதாரணமாகத் திரும்பும்போதுகூட, நார் வளையம் கிழிந்து உள்ளிருப்பது மேல்நோக்கிப் பீறிடும். அதற்கு நேர் மேலே ஓடுவது தண்டுவடம்.

நாய்க்கு 13 இணை விலாவெலும்புகள். அவை முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில்தான் இந்தக் கிழிசல் அதிகம் நேர்கிறது. பெரும்பாலும் மூன்று முதல் ஏழு வயதுக்குள். டாஷ்ஹண்டுகளில் ஐந்தில் ஒன்று, சில கணக்குகளின்படி நான்கில் ஒன்று, வாழ்நாளில் இந்த நோயைச் சந்திக்கிறது. லேசானது என்றால் வலி, கூன் விழுந்த முதுகு. கடுமையானது என்றால் பின்னங்கால்கள் செயலிழக்கும். பின்னங்கால்கள் பின்னிக்கொண்டு தள்ளாடினால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. சில மணி நேரத் தாமதமே நாய் மீண்டும் நடக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கலாம்.

இங்கே ஓர் அறிவியல் பாடம் ஒளிந்திருக்கிறது. டாஷ்ஹண்டைப் படியேற விடாதே, சோபாவில் குதிக்க விடாதே, அதிகம் நடக்க விடாதே என்று எல்லாரும் அறிவுரை சொல்வார்கள். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு 2,000க்கும் மேற்பட்ட டாஷ்ஹண்டுகளின் உரிமையாளர்களிடம் விவரம் சேகரித்தார்கள். தினமும் அரை மணி நேரத்துக்கும் குறைவாக நடந்த நாய்களிடம்தான் நோய் அதிகமாக இருந்தது. சோபாவில் குதிக்க அனுமதிக்கப்படாத நாய்களிடமும் அப்படியே! உடனே "அப்படியானால் குதிக்க விடலாம்" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். முதுகு வலித்த நாயை உரிமையாளர் குதிக்கவிடாமல் தடுத்திருக்கலாம். நோய் முதலில், தடை பிறகு. இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் கணிப்பு இது. உயரத்திலிருந்து குதிப்பதைக் குறைப்பதில் நட்டமில்லை. நடையைக் குறைப்பதில் நட்டம் உண்டு. தசை தளரும், எடை ஏறும். எடை கூடிய நாய்களுக்கு முதுகு நோய் அதிகம் என்பதை வேறோர் ஆய்வு காட்டியிருக்கிறது. தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மற்றொரு கை பின்பகுதிக்கு அடியில் இருக்க வேண்டும். குழந்தையைத் தூக்குவதுபோல் முன்னங்கைகளுக்கு அடியில் பிடித்துத் தொங்கவிட்டால் முழு எடையும் முதுகில் இறங்கும். வழவழப்பான தரையில் ஓடும் இடங்களில் பாய் விரித்து வையுங்கள்.

குணம் எப்படி?

சுருக்கமாகச் சொல்லலாம். பக் மனிதர்களின் மடிக்காகவே வளர்க்கப்பட்ட இனம். சிறு பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கும், அதிகம் குரைக்காது. டாஷ்ஹண்ட் வேட்டை நாய். உடலுக்குப் பொருந்தாத பெரிய குரல். மின்தூக்கிக் கதவு திறந்தாலே குரைக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே நல்ல பெயர் எடுத்து வையுங்கள். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மனிதர்களிடமும் மற்ற நாய்களிடமும் சீறும் தன்மையில் டாஷ்ஹண்ட் சராசரியைவிட அதிக மதிப்பெண் பெற்றது. வீட்டில் நாயின் வாலை இழுக்கும் வயதில் தம்பி தங்கை இருந்தால் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் இனத்தை வைத்து ஒரு தனி நாயின் குணத்தைச் சொல்லிவிட முடியாது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டைத்தான் இனம் விளக்குகிறது என்று கண்டது. உடலின் வடிவம் குரோமோசோமில் எழுதியிருக்கிறது. குணத்தில் பெரும்பகுதி வளர்ப்பிலும் அந்தத் தனி நாயிடமும் இருக்கிறது.

சரி, எது?

இரண்டில் ஒன்று என்று வற்புறுத்திக் கேட்டால், இந்த ஊருக்குச் சின்ன டாஷ்ஹண்ட் என்பேன். டாஷ்ஹண்டின் குறை ஒருவேளை வரலாம், ஒருவேளை வராமலும் போகலாம். வீட்டாரின் கவனத்தால் ஓரளவு குறைக்கவும் முடியும். பக்கின் குறை ஒவ்வொரு மூச்சிலும் இருக்கிறது. கதவைத் திறந்து வெளியே போனதுமே வானிலை அதைக் கூட்டுகிறது. குளிர்சாதன அறையிலேயே வைத்திருக்கலாமே என்பீர்கள். நாள் முழுவதும் ஏர்கான் போட்டு வைக்கும் மின்கட்டணத்தை அப்பா அம்மாவிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள். பிரிட்டனில் ஏறத்தாழ 5 லட்சத்து 80 ஆயிரம் நாய்களின் பதிவுகளைக் கொண்டு 2024ஆம் ஆண்டு வெளியான ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. சின்ன டாஷ்ஹண்டின் இடைநிலை ஆயுள் 14 ஆண்டு. பக்கின் ஆயுள் அதைவிடக் குறைவு.

பக்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், குட்டியை விடத் தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மூக்குத்துளைகள் கீறலாக இருக்கின்றனவா, வட்டமாகத் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதைச் சில நிமிடம் நடக்கச் சொல்லிக் காதுகொடுத்துக் கேளுங்கள். சத்தம் இல்லாத மூச்சு நல்ல மூச்சு. டாஷ்ஹண்ட் என்றால் பெற்றோர், தாத்தா பாட்டி நாய்களுக்கு முதுகு நோய் வந்ததா என்று கேளுங்கள். வட்டுகளில் சுண்ணம் படிவது பெருமளவு பரம்பரை வழி வருவது. பின்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளில் இனப்பெருக்கத்துக்கு முன் நாயின் முதுகை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பது அதனால்தான். விற்பவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

பட்டியலுக்கு வெளியேயும் ஒரு வழி இருக்கிறது. ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று நாம் அழைக்கும் உள்ளூர்க் கலப்பின நாய்களைத் தத்தெடுத்து வீவக வீட்டில் வளர்க்க 2012ஆம் ஆண்டு தொடங்கிய ‘அடோர்’ திட்டம் வழிசெய்கிறது. உயர வரம்பும் பயிற்சி நிபந்தனைகளும் உண்டு. நீண்ட மூக்கு, நேரான கால்கள், முதுகுக்கு ஏற்ற உயரம். இந்த வெயிலிலும் ஈரத்திலும் பல தலைமுறைகளாகத் தாமே பிழைத்து வந்த உடல்கள் அவை. யாரும் அழகுக்காக அவற்றின் எந்த எலும்பையும் சுருக்கவில்லை.

எதை வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் முதல் வாரத்தில் ஒரு வேலை செய்யுங்கள். நாய் ஆழ்ந்து உறங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி, நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை எண்ணுங்கள். உறக்கத்தில் எண்ணிக்கை தொடர்ந்து 30ஐத் தாண்டினால், அந்தக் குறிப்பேட்டோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.